லி ஆற்றில் ஒரு நாள்: ஒரு குடும்பத்தின் படகுப் பயணம் திட்டமிடப்பட்ட விதம்

சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். கணவன், மனைவி, தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கணவனின் தங்கை, மனைவியின் அம்மா என்று ஆறு பேர். சீனாவுக்கு ஒரு வாரம் போகிறார்கள், அதில் ஒரு நாள் ஆற்றில். எந்த ஆறு என்பதில் குழப்பம் இல்லை. தென் சீனாவின் குவாங்ஷி பகுதியில், குய்லின் நகரிலிருந்து யாங்ஷுவோ ஊர்வரை போகும் லி ஆறு. சுண்ணாம்புக்கல் குன்றுகள் இருபுறமும் வரிசைகட்டி நிற்க நடுவே பச்சைத் தண்ணீர் ஓடும் அந்தப் படத்தைக் காலண்டரிலோ ஓட்டல் சுவரிலோ பார்க்காதவர்கள் குறைவு.

பயண ஏற்பாடு என் தொழில். என்னிடம் பேசியவர் மனைவி. அந்தப் பெண் போனில் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணே, மூணு ஸ்டார் படகு போடலாமா, நாலு ஸ்டார் போடலாமா?"

"அது அப்புறம். படகு விட்டு இறங்கின அன்னைக்கு ராத்திரி எங்கே தங்குறீங்க?"

"குய்லின்லதான். ஹோட்டல் போட்டாச்சே."

இந்தப் பயணத்தில் மாற்ற வேண்டியிருந்தது அந்த ஹோட்டலைத்தான். படகின் நட்சத்திரம் இரண்டாம்பட்சம். லி ஆற்றுப் படகை ஒரு சுற்றுலாவாக நினைப்பதால்தான் பலர் அந்த நாளைப் பாழாக்கிக்கொள்கிறார்கள். அதை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் ஒருவழி வண்டியாக நினைத்தால் மற்றதெல்லாம் தானாகவே சரியாக அமையும். ஏன் என்று புரிய வேண்டுமானால் ஆற்றின் போக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

லி ஆறு மாவோர் மலையில் உற்பத்தியாகித் தெற்கே வருகிறது. குய்லின் நகரிலிருந்து யாங்ஷுவோவுக்கு ஆற்று வழியில் 83 கிலோமீட்டர் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. பெரிய சுற்றுலாப் படகுகள் நகருக்குள்ளிருந்து கிளம்புவதில்லை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தெற்கே போனால் மோபான்ஷான், ஜூஜியாங் என்று இரண்டு படகுத்துறைகள் வரும். அங்கிருந்து நீரோட்டத்தோடு கீழே நான்கு மணி நேரம், சில நாள் நாலரை. பயணிகள் எல்லோரும் யாங்ஷுவோவில் இறங்கிவிடுவார்கள். திரும்பி வருவதற்குப் படகு கிடையாது, பஸ்தான். அதற்கு இன்னொரு ஒன்றரை மணி நேரம்.

அதாவது குய்லினில் தங்கிக்கொண்டு போய்வருபவர்கள் காலை எட்டு மணிக்கு ஹோட்டல் வாசலில் நிற்பார்கள், மதியம் இரண்டு மணிவாக்கில் யாங்ஷுவோவில் இறங்குவார்கள், ஒரு மணி நேரம் கடைத்தெருவில் சுற்றுவார்கள், மூன்று மூன்றரைக்கு மறுபடி பஸ். அந்த வட்டாரத்தில் மாலை வெயில் குன்றுகள்மேல் சாயும் நேரம் நாலரை மணிக்கு மேல்தான். சரியாக அந்த நேரத்தில் இவர்கள் நெடுஞ்சாலையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நாள் சுற்றுலா என்று விற்கப்படும் பெரும்பாலான பேக்கேஜ்கள் இந்த அச்சில்தான் இருக்கின்றன. விலை மலிவாக இருந்தால் நடுவில் ஒரு தேயிலைக் கடையோ பச்சைக்கல் நகைக் கடையோ கட்டாயம் இருக்கும். அங்கே போகும் நேரமும் உங்கள் கணக்கில்தான்.

எனவே முதல் முடிவு: குய்லினில் இரண்டு இரவு, படகு நாளன்று பெட்டியோடு கிளம்பி, யாங்ஷுவோவில் இரண்டு இரவு. பெட்டியைப் படகில் ஏற்றலாமா என்று அவர் தயங்கினார். ஏற்றலாம். கீழ்த்தளத்தில் வாசலை ஒட்டி அடுக்கி வைப்பார்கள். ஆனால் ஆறு பேருக்கு ஆறு பெரிய பெட்டி என்றால் படகுத்துறைப் படிகளில் உயிர் போகும். இரண்டு நடுத்தரப் பெட்டி, பிள்ளைகள் முதுகில் ஒரு பை, அவ்வளவுதான் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. இந்தக் குடும்பம் குவாங்ஜோவுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து அதிவேக ரயிலில் குய்லின் போவதாக ஏற்பாடு. 2014 டிசம்பர் கடைசியில் குய்யாங்–குவாங்ஜோ அதிவேகப் பாதை திறந்த பிறகு இந்தப் பயணம் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. அதே பாதையில் யாங்ஷுவோ என்ற பெயரிலும் ஒரு நிலையம் இருக்கிறது. குய்லினில் நுழைந்து, ஆற்றில் இறங்கி, யாங்ஷுவோ நிலையத்தில் ரயிலேறிக் குவாங்ஜோ திரும்பினால், போன வழியே திரும்பி வரும் வேலையே இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. யாங்ஷுவோ ரயில் நிலையம் யாங்ஷுவோ ஊரில் இல்லை. அது ஷிங்பிங் என்ற பக்கத்து ஊரில் இருக்கிறது. முப்பது கிலோமீட்டருக்கு மேல். மலைச் சாலையில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். பெயரை நம்பி அரை மணி நேரத்துக்கு முன்னால் டாக்சி பிடிப்பவர்கள் ரயிலைத் தவறவிடுவது அங்கே சர்வசாதாரணம். குவாங்ஜோவிலும் கவனம் வேண்டும். தெற்கு ரயில் நிலையம் நகரின் ஒரு கோடி, விமான நிலையம் எதிர்க்கோடி. ரயில் இறங்கும் நேரத்துக்கும் விமானத்துக்கும் நடுவே ஐந்து மணி நேரமாவது விட்டேன்.

அடுத்தது மாதம். இங்கேதான் அதிக நேரம் பேசினோம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்துப் பார்த்தால் அவர்களுக்கு இரண்டே வாய்ப்பு: ஜூன் அல்லது நவம்பர் பிற்பகுதியும் டிசம்பரும். அந்தப் பெண்ணுக்கு ஜூன்தான் பிடித்திருந்தது. அவர் பார்த்து மயங்கிய படங்களில் மலையின் பாதியை மூடிக்கொண்டு பஞ்சுபோல் பனி நிற்கும். அந்தப் படங்களெல்லாம் ஏப்ரல் முதல் ஜூன்வரையிலான மழைக்காலத்தில் எடுத்தவை என்பதும் உண்மை.

ஆனால் அதே மழைதான் படகையும் நிறுத்தும். குய்லின் வட்டாரத்தில் ஆண்டுக்கு 1900 மில்லிமீட்டர் அளவில் மழை. அதில் பெரும்பங்கு வசந்தகாலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் கொட்டித் தீர்த்துவிடும். சுற்றிலும் மலை, நடுவில் ஒற்றை ஆறு. மேலே இரண்டு நாள் அடித்துப் பெய்தால் நீர்மட்டம் மளமளவென்று ஏறும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் முதலில் தெப்பங்களையும் பிறகு பெரிய படகுகளையும் நிறுத்திவிடுவார்கள். 2024 ஜூன் 19 அன்று குய்லின் நகரமே வெள்ளத்தில் மிதந்தது. 1998க்குப் பிறகு அங்கே அப்படி ஒரு வெள்ளம் இல்லை. தெருக்களில் இடுப்பளவு தண்ணீர், ரயில் சேவையும் தடைபட்டது. எல்லா ஜூனும் அப்படி இருக்காதுதான். ஆனால் ஒரே ஒரு நாளை ஆற்றுக்கு என்று ஒதுக்கி வருபவர்கள், அந்த ஒரு நாளில் படகு ஓடாது என்றால் என்ன செய்வார்கள்?

நவம்பர் கடைசியின் கணக்கு வேறு. மழை குறைவு, வானம் வெளுப்பு, பகலில் ஸ்வெட்டர் போதும். தண்ணீர் குறைந்திருக்கும். அக்டோபரிலிருந்து குளிர்காலம் முடியும்வரை மேலே உள்ள சிங்ஷிதான் முதலிய அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டுத்தான் படகு ஓடும் ஆழத்தைக் காப்பாற்றுகிறார்கள். இந்தக் குறைந்த தண்ணீரில் ஓர் அழகும் உண்டு. மழைக்காலத்தில் டீ நிறத்தில் ஓடும் ஆறு இப்போது கண்ணாடி. ஓரமாகப் போகும்போது கூழாங்கல்லும் நீர்ப்பாசி அசைவதும் தெரியும். மலையின் நிழல் தண்ணீரில் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் காலம்தான். பஞ்சுப் பனி வேண்டுமா, தெளிந்த நிழல் வேண்டுமா என்று கேட்டேன். "படகு நிச்சயமா ஓடுறது வேணும்" என்றார். நவம்பர் கடைசி என்று முடிவானது. அக்டோபர் முதல் வாரத்துத் தேசிய விடுமுறை நெரிசலும் அதற்குள் தணிந்திருக்கும்.

காகித வேலையில் ஆறு பேரும் ஒரே மாதிரி இல்லை. ஐந்து பேர் சிங்கப்பூர் பாஸ்போர்ட். 2024 பிப்ரவரி 9 முதல் சீனாவும் சிங்கப்பூரும் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் 30 நாள்வரை விசா இல்லாமல் போய்வர ஒப்பந்தம் இருக்கிறது. அவர்களுக்குக் கவலை இல்லை. அம்மாவிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட், மகளோடு நீண்டகால அனுமதியில் தங்கியிருக்கிறார். இந்தியர்களுக்கு சீன விசா கட்டாயம். இடைவழியில் இறங்கிப் போக சில நாட்டவருக்குத் தரும் 240 மணி நேரச் சலுகைப் பட்டியலிலும் இந்தியா இல்லை. ஆகவே மற்ற எல்லா முன்பதிவுக்கும் முன்னால் அம்மாவின் விசா. அது கையில் வந்த பிறகுதான் பணத்தைத் திரும்பப் பெற முடியாத எதையும் வாங்க விட்டேன்.

பெயர்கள் தனிக்கதை. சீனாவில் ரயில் டிக்கெட்டும் லி ஆற்றுப் படகு டிக்கெட்டும் பாஸ்போர்ட் எண்ணோடு பெயருக்குத்தான் தருவார்கள். ஏறும்போது பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். நம் ஆட்களின் பெயரை அந்தப் படிவங்கள் விழுங்குவதில்லை. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டமே காலி. படிவமோ அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. மாப்பிள்ளையின் பெயரில் நடுவில் "எஸ் சாய்கோடு ஓ" இருக்கிறது. சாய்கோட்டைத் தட்டினால் சிவப்பாகத் திட்டும். பாஸ்போர்ட் படப்பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி எழுத்து இருக்கிறதே, அதில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், குறிகளை விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் தட்டச் சொல்வேன். இதுவரை ஓடுகிற வழி அதுதான். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தப்பினால்தான் உண்மையான தொல்லை. ரயில் டிக்கெட் பயண நாளுக்குப் பதினைந்து நாள் முன்னால்தான் திறக்கும் என்பதால் அந்தக் காலையில் ஆறு பாஸ்போர்ட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு அவசரப்படுவதைவிட, எல்லோர் விவரத்தையும் முன்பே செயலியில் ஏற்றி வைப்பது நல்லது.

பணம் கட்டும் செயலிகளும் அப்படித்தான். அலிபே, வீசாட் இரண்டிலும் வெளிநாட்டு கார்டை இணைக்கலாம். ஆனால் அடையாளச் சரிபார்ப்பையும் வங்கி அனுப்பும் ரகசிய எண்ணையும் சிங்கப்பூரில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும். படகுத்துறை வாசலில் ஆரஞ்சுப்பழம் விற்கும் பாட்டிகூட ஒரு அட்டையில் ஒட்டிய க்யூஆர் கோடு கட்டத்தைத்தான் நீட்டுவார்.

இனி படகு. லி ஆற்றில் போக மூன்று விதம். மூன்று நட்சத்திரப் படகு, நான்கு நட்சத்திரப் படகு, இவை இரண்டும் போகும் வழி கிட்டத்தட்ட ஒன்று. மூன்றாவது, யாங்டி என்ற இடத்திலிருந்து நாலு பேர் உட்காரும் தெப்பம். மூங்கில் தெப்பம் என்றுதான் விற்பார்கள். இப்போது அதெல்லாம் மூங்கில்போல வளைத்துச் செய்த பிளாஸ்டிக் குழாய், பின்னால் மோட்டார்.

கணவருக்கும் தங்கைக்கும் தெப்பத்தின் மேல்தான் ஆசை. நியாயமான ஆசை. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்து மலையை அண்ணாந்து பார்ப்பதற்குப் பெரிய படகு ஈடாகாது. ஆற்றின் சிறந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது, நேரமும் குறைவு. ஆனால் கரையிலிருந்து இறங்குவது கல்லும் ஈரமும், தெப்பத்தில் கழிப்பறை இல்லை, மோட்டார் சத்தத்தில் பேச முடியாது, நவம்பர் காற்று நேராக முகத்தில் அறையும். சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கட்டுப்பாடும் உண்டு. எழுபதைத் தாண்டிய, முழங்கால் வலியுள்ள அம்மாவோடு அது நடக்காது. குடும்பத்தை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் தெப்பம் பாதிப் பேர் படகு என்ற யோசனை வந்தது. இரண்டும் முடியும் இடம் வேறு வேறு. சேர்ந்து வந்தவர்கள் நாள் முழுக்கப் போனில் "எங்கே இருக்கீங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் என்றேன்.

அதற்குப் பதில் மறுநாள் காலைக்கு யூலோங் ஆற்றைச் சேர்த்தேன். யாங்ஷுவோவுக்கு அருகில் லி ஆற்றில் வந்து சேரும் சிற்றாறு. அங்கே உண்மையான மூங்கில் தெப்பம், மோட்டார் கிடையாது, கழி ஊன்றித் தள்ளுவார்கள். ஒரு தெப்பத்தில் இரண்டு பேர். சின்னச் சின்னத் தடுப்பணைகளில் தெப்பம் மூக்கைக் குத்திச் சறுக்கி இறங்கும்போது பிள்ளைகள் கத்தும் கத்தலுக்காகவே போகலாம். தெப்ப ஆசைக்கு அது போதும். இந்த இரண்டாம் நாள் யாங்ஷுவோவில் தங்கியதால் மட்டுமே கிடைத்தது.

பெரிய படகு என்று ஆனபின் மூன்றா நான்கா? மூன்று நட்சத்திரம் ஒருவருக்கு 200 யுவானுக்குக் கொஞ்சம் மேல், நான்கு நட்சத்திரம் 350 யுவானுக்கு மேல். பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும். மலை இரண்டுக்கும் ஒன்றுதான். இளைஞர்கள் என்றால் மூன்றே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், மேல்தளத்தில் நிற்பதற்கு நட்சத்திரம் எதற்கு? இந்த வழக்கில் நான்கு எடுத்தது அம்மாவுக்காக. நாலு மணி நேரத்தில் பெரும்பகுதி அவர் உள்ளேதான் உட்கார்ந்திருப்பார். இருக்கை தாராளம், கண்ணாடி ஜன்னல் பெரிது, கூட்டம் குறைவு. நாலு பெரியவர்களுக்கும் சேர்த்து 600 யுவான் அளவில் கூடுதல் செலவு, பிள்ளைகளுக்குச் சலுகை. முழங்காலுக்கு அந்தப் பணம் தகும்.

அம்மாவின் சாப்பாடு எனக்குப் படகைவிடப் பெரிய கவலை. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. படகில் மதியம் பஃபே உண்டு. சோறு, வதக்கிய கீரை, நூடுல்ஸ், டோஃபு என்று பார்வைக்குச் சைவமாக இருப்பவற்றில் பன்றிக் கொழுப்போ கொத்துக்கறியோ சிப்பிச் சாறோ இருக்கலாம். பரிமாறுபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது கடினம். குய்லினின் புகழ்பெற்ற அரிசி நூடுல்ஸும் எலும்புச் சாற்றில்தான். ஆனால் சீனாவில் ஒரு வசதியை யாரும் குறை சொல்ல முடியாது: கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ரயில், நிலையம், ஹோட்டல், படகு எங்கேயும் கிடைக்கும். எனவே வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் டப்பாக்கள், பருப்புப்பொடி. படகில் வெறும் சோறும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு அதன்மேல் பொடி. அந்தப் பெண் பின்னால் அனுப்பிய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மலைப் படம் அல்ல. ஜன்னலோர மேஜையில் அம்மா பொடிச்சோறு பிசைந்துகொண்டிருக்க, எதிர் மேஜைச் சீனப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து அது என்ன என்று கையால் கேட்கிறார்.

சாப்பாட்டில் இன்னொரு சூட்சுமம். இந்த ஆற்றில் பார்க்க வேண்டிய பகுதி எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய நிலம் இது. கரைந்ததில் இரண்டு வகை. சில இடங்களில் குன்றுகள் அடிவாரம் ஒட்டி, கொத்தாக நிற்கும். சில இடங்களில் சமவெளியில் தனித்தனியாக முளைத்து நிற்கும். 2014இல் யுனெஸ்கோ, 'தென் சீனக் கார்ஸ்ட்' (இப்படித் தண்ணீர் கரைத்த சுண்ணாம்புக்கல் நிலம்) என்ற உலகப் பாரம்பரியக் களத்தில் குய்லினையும் சேர்த்ததே இந்த இரண்டும் ஒரே வட்டாரத்தில் இவ்வளவு முழுமையாக இருப்பதால்தான். யாங்டியிலிருந்து ஷிங்பிங்வரை ஆறு அந்தக் கொத்துக்குன்றுகளை அறுத்துக்கொண்டு போகிறது. செங்குத்துப் பாறை நேராகத் தண்ணீரில் இறங்கும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் அழகான ஆறு. இது வேறு சங்கதி. படகுகள் ஒன்பதரை மணிவாக்கில் கிளம்பினால் யாங்டிக்கு வருவது பதினொன்றை ஒட்டி. உள்ளே பஃபே தட்டு அடுக்குவதும் அதையொட்டித்தான்!

ஆகவே அவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன்: கிளம்பிய முதல் ஒரு மணி நேரம் உள்ளேயே இருங்கள், டீ குடியுங்கள், பிள்ளைகளுக்கு எதையாவது கொடுத்து வயிற்றை நிரப்புங்கள். எல்லோரும் முதல் வளைவிலேயே மேலே ஓடுவார்கள், ஓடட்டும். சாப்பாட்டு அறிவிப்பு வந்ததும் கூட்டம் கீழே இறங்கும், அப்போது நீங்கள் மேலே ஏறுங்கள். மாடிப்படி குறுகலானது, செங்குத்தானது; அம்மாவை ஒரே ஒரு தடவை மட்டும் ஏற்றுங்கள், ஒன்பது குதிரை மலைக்குக் கொஞ்சம் முன்னால்.

நடந்தது இதற்குக் கொஞ்சம் மாறித்தான். அன்று காலை ஆற்றின்மேல் மூடுபனி. படகுத்துறையில் எல்லாப் படகுகளும் காத்திருந்தன. கிளம்பும்போது அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம். அதனால் சாப்பாடு யாங்டிக்கு முன்பே தொடங்கிவிட்டது. கூட்டம் சாப்பிட்டு முடித்து மேலே வரவும் நல்ல பகுதி தொடங்கவும் சரியாக இருந்தது. என் கணக்குப்படி காலியாக இருக்க வேண்டிய மேல்தளம் நிரம்பி வழிந்தது. ஆனால் கணவர் சமயோசிதக்காரர். கூட்டம் முன்பக்கம் முண்டுவதைப் பார்த்ததும் எல்லோரையும் பின்பக்கம் கூட்டிப் போய்விட்டார். லி ஆற்றில் படகுகள் தனியாகப் போவதில்லை, ஊர்வலம்போல ஒன்றன்பின் ஒன்றாக வரும். முன்பக்கம் நின்றால் முந்தைய படகின் முதுகு தெரியும். பின்பக்கம் நின்றால் கடந்து வந்த வளைவு மெல்ல மூடிக்கொள்வதும், மலைகளுக்கு நடுவே வெள்ளைப் படகுகள் வரிசையாக வருவதும் தெரியும். மூடுபனியும் முழுதாகக் கலையவில்லை. மனைவி விரும்பிய பஞ்சுப் பனி கேட்காமலே கொஞ்சம் கிடைத்தது. அடுத்து வருபவர்களுக்கு நானே இப்போது பின்பக்கத்தைச் சொல்கிறேன்.

ஒன்பது குதிரை மலை என்பது ஆற்றோரம் நிற்கும் பெரிய பாறைச் சுவர். அதன் கறுப்பு வெள்ளைக் கறைகளில் குதிரைகள் தெரியும் என்பார்கள். ஏழு குதிரை கண்டுபிடித்தால் அரசுத் தேர்வில் இரண்டாம் இடம், ஒன்பதும் கண்டால் முதலிடம் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. பெரியவன் நாலில் நின்றுவிட்டான். சின்னவள் பதினொன்று என்றாள்.

அதை அடுத்து ஷிங்பிங் அருகே, இருபது யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் காட்சி. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நோட்டிலும் 2019இல் புதுப்பித்த நோட்டிலும் அதே ஆறு, அதே குன்றுகள், தெப்பத்தில் ஒரு மீனவர். அறிவிப்பு வந்ததும் படகில் அத்தனை பேரும் நோட்டைத் தூக்கிப் பிடிப்பார்கள். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல்: நாட்டில் யாரும் ரொக்கம் கையாள்வதில்லை, கடைசி நேரத்தில் நோட்டுக்கு எங்கே போவது? சிங்கப்பூரில் பணம் மாற்றும் கடையிலேயே மடிக்காத இருபது யுவான் நோட்டு இரண்டு கேட்டு வாங்கச் சொல்லியிருந்தேன். பக்கத்தில் நின்ற நாலைந்து பேருக்கு அது கை மாறிப் போய்த் திரும்பி வந்ததாம்.

ஷிங்பிங்குக்குப் பிறகு குன்றுகள் தள்ளிப் போய் ஆறு அகலும். பலர் அங்கேயே தூங்கிவிடுவார்கள், இவர்களும் தூங்கினார்கள்.

யாங்ஷுவோவில் படகு நிற்கும் லோங்டோஷான் துறை ஊரின் மையத்தில் இல்லை. இறங்கிப் படியேறி, கடை வரிசையைக் கடந்து, மின்வண்டி பிடிக்க வேண்டும். பெட்டிகளோடும் அம்மாவோடும் இந்தப் பகுதிதான் சிரமமாக இருந்தது. படிகளில் ஏறி முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்றாம். நடக்கச் சிரமப்படுபவர் இருந்தால் ஹோட்டலிடம் சொல்லி மேலே ஓர் ஆளை நிறுத்தச் சொல்லலாம். சின்ன விடுதிகள்கூட இதைச் சந்தோஷமாகச் செய்யும். இந்தக் குடும்பத்துக்கு நான் பரிந்துரைத்த விடுதி யாங்ஷுவோவின் கடைத்தெருவான மேற்குத் தெருவிலிருந்து தள்ளி, வயல்வெளிப் பக்கம். மேற்குத் தெரு இரவில் பாட்டும் ஸ்பீக்கருமாக இருக்கும்; பார்த்துவிட்டு வரலாம், பக்கத்தில் படுக்க முடியாது.

மூன்று மணிக்கு விடுதி. அம்மா ஓய்வெடுத்தார். மற்றவர்கள் ஐந்து மணிக்கு மின்சைக்கிள் வாடகைக்கு எடுத்து வயல் நடுவே போனார்கள். ஆற்றிலிருந்து பார்த்த கொத்துக்குன்றுகளுக்குப் பதில் இங்கே தனித்தனிக் குன்றுகள், நெல் அறுத்த வயல், எருமை. மாலை வெயில் சாய்ந்தது. குய்லின் திரும்பும் பஸ்கள் அந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

திரும்பும் ரயில் மறுநாளைக்கு மறுநாள். வேனை ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்லியிருந்தேன், கணவருக்கு அது அதிகமாகப் பட்டது. ஷிங்பிங் வழியாகத்தானே போகிறோம், அங்கே இறங்கிப் பழைய தெருவில் ஒரு சுற்று, ஆற்றோரத்தில் இருபது யுவான் காட்சியைக் கரையிலிருந்து ஒரு தடவை, பிறகு நிலையம் என்று விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார். காலை ஒன்பது மணிக்கு அந்தக் கரையில் கூட்டம் இல்லை. நீர்க்காக்கைகளைத் தோள்கழியில் வைத்துக்கொண்டு ஒரு முதியவர் நின்றிருந்தார். அவர் மீன் பிடிக்க வரவில்லை, படத்துக்கு நிற்க வந்தவர். பணம் பேசிவிட்டுக் கேமராவைத் தூக்குங்கள் என்று முன்பே சொல்லியிருந்ததால் சண்டை இல்லை.

ஜூனில் மட்டுமே வர முடியும் என்பவர்களுக்கு இதே திட்டம் சிறு மாற்றத்தோடு பொருந்தும். யாங்ஷுவோவில் இரண்டுக்குப் பதில் மூன்று இரவு போடுங்கள், படகு டிக்கெட்டைக் குய்லின் போய்ச் சேர்ந்த மறுநாளுக்கே வாங்குங்கள். அன்று வெள்ளத்தால் படகு நின்றால் அடுத்த நாள் மறுபடி பார்க்கலாம். அன்றும் ஓடவில்லை என்றால் சாலை வழியாக யாங்ஷுவோ போய்விட்டு, தண்ணீர் வடிந்ததும் ஷிங்பிங் பக்கமிருந்து குறுகிய படகுச் சவாரி ஒன்று எடுக்கலாம். முழு ஆறும் கிடைக்காது, அந்த யாங்டி–ஷிங்பிங் பாறைகளில் ஒரு பகுதியாவது கிடைக்கும். குய்லின் திரும்பும் பேக்கேஜில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.